கேட்டுச் சொன்ன கூலி

சக்கரபாணிக்கு நான் கொடுக்க வேண்டியது முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது காசு. அவர் நோட்டில் இருந்ததை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். இருபத்தைந்து தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ‘தொலைபேசி 10.00’ என்றும், அதற்குக் கீழே ‘கேட்டுச் சொன்ன கூலி 2.50’ என்றும் எழுதியிருந்தார். நாற்பத்தொன்பது வயதில் மில் தொழிற்சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுத்துப் படித்தவன் நான். அந்த நோட்டைப் படிக்க முடிந்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கூட்டிப் பார்த்தேன். ஒரு காசு பிசகில்லை. பிசகு வேறு இடத்தில் இருந்தது.

கேட்டுச் சொன்ன கூலி என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் மில்லில் தறி ஓட்டுகிறவன். பெயர் இருசப்பன். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஒரு ஷெட்டுக்குள் இருநூறு தறி ஒன்றாக அடித்தால் அங்கே மனிதக் குரலுக்கு வேலை இல்லை. பக்கத்துத் தறிக்காரனிடம் பீடி கேட்க வேண்டுமானாலும், மேஸ்திரி வருகிறான் என்று எச்சரிக்க வேண்டுமானாலும் உதட்டை அசைப்போம், சத்தம் போட மாட்டோம். எதிராளி உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். பத்து தறி தள்ளி நிற்கிறவனோடுகூட இப்படிச் சண்டை போடலாம். சேர்ந்த புதிதில் இது வேடிக்கையாக இருக்கும். பத்து வருஷத்தில் காது மங்கும். இருபது வருஷத்தில் பெண் குரல், குழந்தை குரல், சைக்கிள் மணி எல்லாம் விட்டுப் போய்விடும். மில் சங்கு மட்டும் தெளிவாகக் கேட்கும். அது கேட்காமல் போனால் சம்பளம் போய்விடும் என்று சாமி அந்த ஒன்றை விட்டு வைத்திருக்கிறது போலும்.

என் மகள் தனக்கொடிக்கு அந்த உதட்டுப் பேச்சு சின்ன வயதிலேயே வந்துவிட்டது. தாயில்லாப் பெண். எனக்குக் கேட்கவில்லை என்று அவள் ஒரு நாளும் கத்தியதில்லை. என் முகத்துக்கு நேரே வந்து நின்று வாயை அசைப்பாள். பள்ளிக்கூடத்து ஜன்னலிலிருந்தே ‘அப்பா, பசிக்குது’ என்று சொல்லிவிடுவாள்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தது சக்கரபாணி. அரிசி மண்டி வைத்திருக்கிறார். வைத்திக்குப்பம் போகிற வழியில் சொந்த வீடு. பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர் எங்களுடையது; பலர் அவரை ஐயா என்கிற அர்த்தத்தில் முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து அந்த நாட்டுக் குடிமக்களாகிவிட்ட சொல்தாக்கள் குடும்பங்களோடு அவருக்குப் பழக்கம் அதிகம். அவர்களுக்கு இங்கே பெண் பார்த்துக் கொடுப்பதும் அவர்தான். ராஜாங்கம் என்ற மாப்பிள்ளையின் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினார். சொல்தா மாப்பிள்ளை என்றால் எங்கள் பக்கத்துப் பெண் வீட்டுக்காரர்களுக்கு வாயில் கேள்வி வராது. எனக்கும் வரவில்லை. எண்பத்தொன்று ஆகஸ்டில் கல்யாணம். பத்து நாளில் பெண் விமானம் ஏறிவிட்டாள்.

எங்கள் தெருவில் யார் வீட்டிலும் போன் இல்லை. சக்கரபாணி வீட்டில் இருந்தது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தனக்கொடி பிரான்சிலிருந்து அந்த நம்பருக்குக் கூப்பிடுவது என்று பேச்சு. அங்கே அப்போது பகல் பதினொன்றரையாம். முதல் தடவை அவர் ரிசீவரை என் காதில் வைத்தார். இரைச்சல் கேட்டது. மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல், அவ்வளவுதான். அதற்குள் என் பெண்ணின் குரல் இருந்திருக்கிறது, எனக்குத்தான் எட்டவில்லை. போனில் உதடு தெரியாதே. நான் முழிப்பதைப் பார்த்துச் சக்கரபாணி ரிசீவரை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார். கேட்டார். பிறகு ரிசீவரின் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு, என்னைப் பார்த்து உரக்கச் சொன்னார். அவர் சொன்னதற்கு நான் ரிசீவரில் பதில் கத்தினேன். அப்படியே வழக்கமாகிவிட்டது. அவள் பேசுவாள், அவர் கேட்பார், எனக்குச் சொல்வார், நான் பதில் கத்துவேன்.

போனுக்குப் பத்து ரூபாய், நின்று கேட்டுச் சொல்வதற்கு இரண்டரை ரூபாய் என்று அவரே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் தூங்கும் நேரமாம். நான் பேரம் பேசவில்லை. வேலை செய்கிறவன் கூலி கேட்பதில் என்ன தப்பு? நானும் கூலிக்காரன்தானே. காசை உடனே வாங்கவும் இல்லை. “ஓடியா போயிடப் போற இருசப்பா, போனஸ்ல பாத்துக்கலாம்” என்றார். அந்த வருஷத்துப் போனஸும் அடுத்த வருஷத்துப் போனஸும் கல்யாணத்துக்கு வைத்த அடகில் போய்விட்டது. நோட்டில் கணக்கு ஏறிக்கொண்டே வந்தது.

என் பக்கத்துத் தறிக்காரன் ராமதாஸ் சின்னப் பையன், காது இன்னும் கெடாதவன். நான் வந்து கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு முறை என்னோடு வந்தான். சக்கரபாணி அவனை வாசலோடு நிறுத்திவிட்டார். கண்டவனையெல்லாம் வீட்டுக்குள் விட முடியாது, அதுவுமில்லாமல் பெண் பிள்ளை புருஷன் வீட்டிலிருந்து பேசுவது அடுத்தவன் காதில் விழலாமா என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு வருஷம் என் பெண் சந்தோஷமாக இருந்தாள். மாசத்துக்கு ஒரு தரம் சக்கரபாணி வாயால் சந்தோஷமாக இருந்தாள். பனி கொட்டுகிறதாம், மாப்பிள்ளை கம்பளிச் சட்டை வாங்கித் தந்திருக்கிறாராம். கறி சமைக்கக் கற்றுக்கொண்டாளாம். மாமியாருக்குக் கால் வலியாம், அவள்தான் பார்த்துக்கொள்கிறாளாம். நானும் அதற்கு ஏற்ற மாதிரி பதில் கத்துவேன். அவர் மனசு கோணாமல் நடந்துகொள்ளம்மா. பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள். அனுசரித்துப் போ. இதையெல்லாம் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டு, சக்கரபாணியின் மனைவி கமலவேணி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, கடற்கரை வழியாகச் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வருவேன். அந்த அம்மாள் டம்ளரை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பத்து மூன்று அக்டோபரில், ஒரு சனிக்கிழமை, முதல் ஷிப்ட் விட்டு வெளியே வந்தபோது மில் கேட்டில் ஒரு பெண் எனக்காக நின்றிருந்தாள். தையல்நாயகி என்று பெயர் சொன்னாள். பிரான்சில் ஒரு சொல்தா வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை, தாயைப் பார்க்க இரண்டு வாரம் வந்திருக்கிறாளாம். என் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும், சக்கரபாணியிடம் காட்டக் கூடாது என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். உள்ளே ஒரு டேப் கேசட். வேறு ஒன்றும் பேசாமல் ரிக்‌ஷா ஏறிப் போய்விட்டாள்.

ராமதாஸ் வீட்டில் டேப்ரிகார்டர் இருந்தது. அவன் அண்ணன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது. கேசட்டைப் போட்டான். சத்தத்தை முழுக்க வைத்துக் காதை ஒட்டினாலும் எனக்கு ஒரு கீச்சுச் சத்தம்தான் கேட்டது. அவன் சட்டென்று சத்தத்தைக் குறைத்தான். கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தான். அக்கம்பக்கம் கேட்க வேண்டாம் என்று தறி ஷெட்டில் பேசுகிற மாதிரியே, சத்தமில்லாமல், உதட்டால் எனக்குச் சொல்ல ஆரம்பித்தான். ஒரு வாக்கியம் கேட்பான், நிறுத்துவான், சொல்வான், மறுபடி ஓட்டுவான்.

“அப்பா, நான் தனக்கொடி. கடிதாசி எழுதினா அவர் படிச்சிட்டுத்தான் தபால்ல போடறாரு. தனியா எழுதி அனுப்பினாலும் எழுத்துப் புரியலன்னு நீ சக்கரபாணி மாமாகிட்டத்தான் எடுத்துட்டுப் போவ. அதான் இதுல பேசறேன். இது பக்கத்து வீட்டு வியட்நாம்காரம்மா மிஷினு. மாசா மாசம் அவங்க போன்லதான் உன்னக் கூப்புடறேன். அவங்களுக்கு ஒரு கூடை துணி தேச்சுக் குடுத்தா ஒரு போன்.”

நான் பத்து ரூபாய்க்குப் பேசினேன். அவள் ஒரு கூடைத் துணிக்குப் பேசியிருக்கிறாள்.

அடுத்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு ராமதாஸ் தலையைக் குனிந்துகொண்டான். உதட்டை மறைத்தால் நான் எப்படிக் கேட்பது? அவன் மோவாயைப் பிடித்துத் தூக்கி, ஒரு வார்த்தைகூட விடக் கூடாது, அவள் எப்படிச் சொல்கிறாளோ அப்படியே சொல்லு என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

ராஜாங்கத்துக்கு அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள். என் பெண்ணைக் கூட்டிப் போனது அவன் தாய்க்கு மலம் மூத்திரம் எடுக்க. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் அந்த வீட்டுக்குப் போய்விடுவான், அந்த நேரத்தில்தான் இவள் எனக்குப் போன் செய்வாள். கம்பளிச் சட்டை வாங்கித் தந்ததாகச் சக்கரபாணி எனக்குச் சொன்னாரே, அந்தத் தடவை அவள் சொன்னது, ராத்திரி பூராவும் தன்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான், பனியில் நின்றேன் என்று. கறி சமைக்கக் கற்றுக்கொண்டதாகச் சொன்ன தடவை, கையில் சூடு வைத்துவிட்டான் என்று. ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரே கேள்வி கேட்டிருக்கிறாள். வந்துடட்டுமாப்பா?

அதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கிறேன்? முன்னாலேயே சொன்னேனே. அனுசரித்துப் போ. மனசு கோணாமல் நட. என் குரல், என் வாய். அவளுக்குக் காது நன்றாகத்தான் கேட்கும்.

“மாமா அப்படியே சொல்றாருன்னுதான் நெனச்சேன். நீயும் பதில் சொல்ற, உன் குரல்தான். சரி, அப்பனுக்கு நான் வாழாவெட்டியா வந்தா அவமானம்போலன்னு இருந்துட்டேன். போன மாசம், கரு கலைஞ்சிடுச்சுப்பான்னு சொன்னேன். நீ சிரிச்சிக்கிட்டே, சீக்கிரம் பேரன் மொகத்தக் காட்டுன்ன. எங்கப்பன் அப்படிச் சொல்ற ஆளு கெடையாது. அப்பத்தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு.”

அந்த மாதம் சக்கரபாணி எனக்குச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விசேஷம் இன்னும் ஒன்றும் இல்லையாம் என்று சொல்லிக் கண்ணடித்தார். நான் சிரித்தேன்.

“டிக்கெட்டுக்குக் காசு சேத்துட்டேன். பாஸ்போர்ட்ட எடுத்து வியட்நாம்காரம்மா வீட்ல வச்சிட்டேன். நீ வான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கெழம கூப்புடுவேன். அன்னைக்கும் நீ அனுசரிச்சுப் போன்னு சொன்னீனா, அதுதான் உன் மனசுன்னு எடுத்துக்குவேன். அதுக்கு மேல போன் பண்ண மாட்டேன். காசும் பாஸ்போர்ட்டும் மறுபடி அவர் கைக்குப் போயிடும், வியட்நாம்காரம்மா வீட்ல ரொம்ப நாள் வச்சிருக்க முடியாது.”

கேசட் அதோடு முடிந்தது. மறுபடி போடட்டுமா என்று ராமதாஸ் கேட்டான். வேண்டாம் என்றேன். கேட்டுச் சொல்வது என்றால் இதுதான். அழுகை வந்த இடத்தில் அழுதான், ஆனால் ஒரு சொல்லை விழுங்கவில்லை. அவன் என்னிடம் கூலி கேட்கவில்லை.

இன்னும் எட்டு நாள் இருந்தது. ராமதாஸ் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சக்கரபாணி சட்டையைப் பிடிக்கலாம் என்றான். எனக்கும் கை துடித்தது. ஆனால் அந்த நம்பர் ஒன்றுதான் அவளிடம் இருக்கிறது. சண்டை போட்டு அவர் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டால், நாலு மணிக்கு அவள் கூப்பிடுவாள், கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடுவாள். தந்தி கொடுத்தால் ராஜாங்கம் கையில் போகும். தையல்நாயகியைத் தேடிப் போனோம், அவள் மதராஸ் போய்விட்டாளாம். அதனால் வாயை மூடிக்கொண்டு எட்டு நாள் தறி ஓட்டினேன்.

அந்த எட்டு நாளில் நான் நெய்த துணியைத் துணி என்று சொல்ல முடியாது. இழை அறுந்தது தெரியாமல் ஓட்டிக்கொண்டே போயிருக்கிறேன். கைமுழம் நீளத்துக்கு ஓட்டை. துணி பார்க்கிற மேஸ்திரி விளக்கடியில் விரித்துப் போட்டு என் சீட்டில் ‘டேமேஜ்’ என்று எழுதிக் கூலியை வெட்டினார். என்னய்யா இருசப்பா, இருபத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு துணி உன் தறியிலிருந்து வந்ததில்லையே என்றார். அவர் வெட்டியது சரிதான். மில்லில் அதுதான் சட்டம். தறி முன்னால் எட்டு மணி நேரம் நின்றாய் என்பதற்காகக் கூலி கிடையாது. துணி ஒழுங்காக இருந்தால் கூலி. அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை தீபாவளிப் போனஸ் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு, மழை தூறிக்கொண்டிருந்தபோது, ராமதாஸைக் கூட்டிக்கொண்டு சக்கரபாணி வீட்டுக்குப் போனேன். போனஸ் வந்துவிட்டது, கணக்கை முடித்துவிடுகிறேன் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்தது. ராமதாஸைக் கண்டதும் சுருங்கியது. பழையபடி அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவன் என்னைப் பார்த்து உதட்டால், ‘நான் உள்ள பூந்துடவா?’ என்றான். ‘வேணாம், இங்கயே நில்லு’ என்று நானும் உதட்டால் சொன்னேன். சக்கரபாணிக்கு அந்தப் பாஷை தெரியாது.

உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டே, ராஜாங்கத்தின் சித்தப்பா மகன்கள் இரண்டு பேருக்கு நம் பக்கத்திலேயே பெண் பார்த்து முடித்துவிட்டதாகவும், தையில் கல்யாணம் என்றும் சொன்னார். உன் பெண் அங்கே நல்லபடியாக இருப்பதைச் சொல்லித்தான் அந்த இடங்களையும் முடித்தேன் என்றார். பெருமையாகத்தான் சொன்னார். அந்த இரண்டு பெண்களின் அப்பன்மார்கள் யாரென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் என் பெண் ஏன் இரண்டு வருஷம் சந்தோஷமாக இருந்தாள் என்பது தெரிந்துவிட்டது.

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு ஆனது. நாலே கால் ஆனது. இப்படிச் சில மாதம் தாமதமாகும். கமலவேணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் எடுக்கவில்லை.

போன் மணி எனக்குக் கேட்காது. சக்கரபாணி நாற்காலியிலிருந்து எழுவதுதான் எனக்கு மணி. அவர் முழங்கால் அசைந்ததுமே நான் பாய்ந்து ரிசீவரை எடுத்துவிட்டேன்.

அவர் திகைத்துப் போய்க் கையை நீட்டினார்.

“குடு இப்படி. உனக்குத்தான் காது கேக்காதே.”

“எனக்குக் கேக்க வேணாம் முசியே. அவளுக்குக் கேட்டாப் போதும்.”

ரிசீவரைக் காதில் வைக்கவே இல்லை. வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு கத்தினேன். “தனக்கொடி, அப்பன் பேசறேன். வந்துடு. கேசட்டு கெடச்சிது, எல்லாம் தெரிஞ்சி போச்சி. வந்துடும்மா. நீ சொன்னது எதுவும் இத்தன நாளு எங்கிட்ட வரல. அனுசரிச்சுப் போன்னது நான் இல்ல. வந்துடு. இன்னைக்கே கெளம்பு.”

முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கத்தினேன். இணைப்பு கிடைத்ததா, ஆப்பரேட்டரிடம் கத்துகிறேனா, அறுந்து போய்விட்டதா, எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் நிறுத்தப் பயமாக இருந்தது. சக்கரபாணி என் தோளைப் பிடித்து இழுத்தார். தறியில் இருபத்தெட்டு வருஷம் நின்ற உடம்பு, அரிசி மண்டி நாற்காலியில் உட்கார்ந்த உடம்பால் அசைக்க முடியவில்லை. வாசலில் நின்ற ராமதாஸ் உள்ளே வந்துவிட்டான். அவர் அவனைப் பார்த்ததும் என் தோளை விட்டுவிட்டார்.

இனிக் குரல் எழும்பாது என்றபோது ரிசீவரை வாயிலிருந்து விலக்கி நீட்டினேன். சக்கரபாணி கை வந்தது. நான் கொடுக்கவில்லை. ராமதாஸ் பக்கம் நீட்டப் போனேன். அதற்குள் சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த கமலவேணி நேரே வந்து அதை வாங்கிக்கொண்டாள். அவள் அந்தப் போனைத் தொட்டு நான் பார்த்ததில்லை. காதில் வைத்தாள். சக்கரபாணி என்னவோ அதட்டினார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. ரொம்ப நேரம் கேட்டாள். தலையை ஆட்டினாள். பிறகு ரிசீவரை வைத்துவிட்டு என் முகத்துக்கு எதிரே வந்து நின்றாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்து, எனக்குப் புரிய வேண்டும் என்று வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

“வருதாம் அண்ணே. புதன்கெழம கெளம்புதாம். நீங்க கத்துனது அந்த மாடி பூரா கேட்டுச்சாம், வியட்நாம்காரம்மா பயந்து ஓடியாந்துட்டாங்களாம். அழுவுது, சிரிக்குது, ரெண்டும் பண்ணுது.”

அப்புறம் கணவன் பக்கம் கையைக் காட்டினாள்.

“இவரு பக்கத்துல நான் நின்னுக்கிட்டு இருப்பேன். அந்தப் பொண்ணு அழுவற சத்தம் எனக்கும் கேக்கும். சொல்லாம இருந்துட்டேன்.”

நான் உட்கார்ந்தேன். ராமதாஸ் தண்ணீர் கொடுத்தான். சக்கரபாணி இதற்குள் தேறிக்கொண்டு பேச ஆரம்பித்தார். ஒரு குடும்பம் கெட்டுவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தாராம். புதுசாகப் போன பெண்கள் எல்லாருமே முதலில் அழத்தான் செய்வார்களாம், அதையெல்லாம் அப்பனிடம் அப்படியே சொன்னால் ஒரு பெண்ணும் புருஷன் வீட்டில் நிலைக்காதாம். என் நல்லதுக்குத்தான் வடிகட்டிச் சொன்னாராம்.

கரு கலைந்ததையும் என் நல்லதுக்குத்தான் வடிகட்டினீர்களா என்று கேட்டேன். அந்த இரண்டு பெண்களின் அப்பன் பெயரைச் சொல்லுங்கள், நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். “நான் எழுதித் தரேன் அண்ணே” என்று கமலவேணி சொன்னாள்.

அப்போதுதான் அவர் அந்தப் பேச்சை எடுத்தார். பெரிய மனுஷன் தோரணையில் கையை வீசி, “சரி விடு இருசப்பா. அந்த முந்நூத்திச் சில்லறையை நான் தள்ளிட்டேன். ஒரு காசு தர வேணாம், போ” என்றார்.

எனக்கு அதுவரை வராத கோபம் அப்போது வந்தது. தள்ளுவதற்கு அவர் யார்? தள்ளிவிட்டேன் என்றால் நான் கடன்பட்டிருந்தேன் என்று ஆகிறது, அவர் மன்னித்தார் என்று ஆகிறது. நாளைக்கு ஊருக்குள், அந்தத் தறிக்காரனுக்கு முந்நூறு ரூபாய் விட்டுக்கொடுத்தவன் நான் என்று வெற்றிலை மென்றுகொண்டே சொல்வார். நோட்டை எடுங்கள் என்றேன். அவர் எடுக்கவில்லை. ராமதாஸ் மேசையிலிருந்து எடுத்து என் முன்னால் விரித்தான்.

பேனாவை வாங்கிக்கொண்டேன். நான் எழுதினால் எழுத்துப் பெரிசு பெரிசாகத்தான் வரும், மெதுவாகத்தான் வரும். அவர்கள் மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவசரப்படவில்லை.

முதலில் போன் கணக்கு. இருபத்தைந்து தடவைக்கு இருநூற்றைம்பது, இன்றைக்கு ஒரு பத்து, ஆக இருநூற்று அறுபது. போன் அவருடையது, மணி அடித்தது, என் குரல் போய்ச் சேர்ந்தது. என் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அந்தக் கருவி ஒரு தப்பும் செய்யவில்லை. போனஸ் கவரிலிருந்து இருநூற்று அறுபது ரூபாயை எண்ணி நோட்டின்மேல் வைத்தேன்.

அப்புறம் கேட்டுச் சொன்ன கூலி. அறுபத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு. சட்டைப் பையிலிருந்து மில் சீட்டை எடுத்து அவர் முன்னால் போட்டேன். நெய்த துணியில் ஓட்டை விழுந்தால் எங்களுக்குக் கூலி வெட்டுவார்கள் முசியே, நானே போன வாரம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், பாருங்கள் என்றேன். அவர் பார்க்கவில்லை. நோட்டில் இருபத்தைந்து இடத்திலும், ‘கேட்டுச் சொன்ன கூலி’ என்பதற்கு எதிரே ஒவ்வொன்றாக ‘டேமேஜ்’ என்று எழுதினேன். மேஸ்திரி எழுதுவதைப் பார்த்துப் பார்த்து அந்த ஒரு சொல் எனக்கு நன்றாக எழுத வரும். எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பேனாவைப் பிடுங்க அவர் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் இன்றைய தேதியைப் போட்டேன். ‘கேட்டுச் சொன்ன கூலி 2.50’ என்று எழுதினேன். இரண்டு ரூபாய் நோட்டையும் ஐம்பது காசையும் எடுத்துக் கமலவேணியிடம் நீட்டினேன்.

அந்த அம்மாள் பின்வாங்கினாள். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தவளுக்கு என்ன கூலி என்றாள்.

“அது வேற கணக்கு. அத என் பொண்ணு வந்ததும் அவகிட்டச் சொல்லுங்க. இன்னைக்குச் செஞ்ச வேலைக்கு இது கூலி. ஒரு வார்த்த விழுங்காம சொன்னீங்க.”

அவள் கணவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு கையை நீட்டி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சக்கரபாணி நோட்டைத் தன் பக்கம் இழுத்து என் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோடு கோணிக்கொண்டு போயிற்று. நான் பேனாவை வாங்கி அதற்குக் கீழே நேராக ஒரு கோடு போட்டேன். எழுத்துக்கூட்டி என் பெயரையும் எழுதினேன். அப்புறம் ராமதாஸைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, கமலவேணி எழுதிக் கொடுத்த இரண்டு விலாசத்தில் முதல் விலாசத்தைப் படித்தேன். மழை விட்டிருந்தது. சைக்கிளை எடுத்தேன்.